ஒரே சதுரத்துக்குள் ஒரு மலை

போனக்காட்டில் பெய்யும் மழை எந்த ஆற்றுக்குப் போகும் என்பது அங்கு வசிப்பவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்பது அது எவ்வளவு பெரிய கட்டம் போட்டுப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடு. காட்டுக்கு மேல் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட தேயிலைத் தோட்டம் இன்று பெரும்பாலும் புதர் மண்டிக் கிடக்கிறது. தொழிற்சாலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. லயங்களில் மிஞ்சியிருக்கும் குடும்பங்களில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய முன்னோர் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள்.

'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல. முகட்டுக்கு மேற்கே விழும் மழை ஓடைகளாக இறங்கிக் கரமனையாறாகிறது. 1983இல் செயல்பாட்டுக்கு வந்த பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை நீர்த்தேக்கத்தைத் தொட்டு, தலைநகரவாசிகளின் குழாய்க்கு வருகிறது. மிச்சம் 68 கி.மீ. ஓட்டத்தை முடித்துக்கொண்டு கோவளத்துக்கு அருகே அரபிக்கடலில் கலக்கிறது. முகட்டுக்குக் கிழக்கே விழும் மழையோ தாமிரபரணி. காரையாறு, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராக வயல்களை நனைத்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. முகட்டின் மேலேயே இரு மாநில எல்லையும் போகிறது. ஒரு மழை, இரண்டு கடல், இரண்டு அரசுகள்.

இந்த முகடுதான் கம்ப்யூட்டருக்குள் காணாமல் போகிறது.

நாட்டின் மழையை ஆராய்பவர்கள் அதிகம் கையாளும் புள்ளிவிவரங்களில் ஒன்று, இந்திய வானிலைத் துறை 1901ஆம் ஆண்டு தொடங்கி நாள்வாரியாகத் தொகுத்திருக்கும் கட்டவாரி மழைக் கணக்கு. இந்திய வரைபடத்தின் மீது கால் டிகிரிக்கு ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அன்றன்றைய மழையாக ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். கால் டிகிரி என்பது தென்கோடியில் சுமார் 27 கி.மீ. ஒரு சதுரத்தின் பரப்பு ஏறக்குறைய 760 சதுர கி.மீ. கரமனையாற்றுக்கு நீர் வடியும் நிலம் முழுவதையும் கூட்டினால் 702 சதுர கி.மீ.தான். அதாவது மலை, அணை, ரப்பர்த் தோட்டம், நகரம், கழிமுகம் என்று அத்தனையும் கொண்ட ஒரு முழு ஆறு, ஒரு சதுரத்தைக்கூட நிரப்பாது. போனக்காடும் முகட்டுக்கு அப்பால் உள்ள காரையாறு அணையும் ஒரே சதுரத்துக்குள் விழும் அளவுக்கு நெருக்கமானவை. அந்தச் சதுரத்தில் மேற்கு கிழக்கு கிடையாது. ஒரே மழை, ஒரே உயரம், ஒரே மண்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் தெரிய, இந்தக் கம்ப்யூட்டர் மாதிரிகள் எதைச் செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

எல்லாமே அடிப்படையில் வீட்டுக் கணக்கு நோட்டுதான். மழை வரவு. வெயிலில் ஆவியாவதும், மரம் செடிகள் உறிஞ்சுவதும், நிலத்தடிக்கு இறங்குவதும் செலவு. மண்ணில் தங்கும் ஈரம் கையிருப்பு. இவை போக நிற்காமல் ஓடுவதுதான் ஆறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நாளும், அவசரமென்றால் ஒவ்வொரு மணி நேரமும், இந்தக் கணக்கை எழுதி, மிச்ச நீரைத் தாழ்வான பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் பாலத்தடியில் எத்தனை கன அடி ஓடும் என்பது கிடைத்துவிடும். கணக்கு எளிது. சிக்கலெல்லாம் ஒரு கட்டம் எவ்வளவு பெரியது என்பதில்தான்.

கட்டமே போடாமல் கணக்குப் போட்ட காலமும் உண்டு. 1851இல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி, மழையின் வேகத்தையும் வடிநிலத்தின் பரப்பையும் பெருக்கி, ஓடும் பங்குக்கு ஒரு குணகம் வைத்து, வெள்ளத்தின் உச்சத்தைச் சொன்னார். முழு ஆறும் ஒரே கட்டம். சென்னை மாகாணத்துக்கு 1884இல் வந்தது ரைவ்ஸ் சூத்திரம். ஏரிக் கலிங்குக்கும் பாலத்துக்கும் அளவு குறிக்கப் பொதுப்பணித் துறையினர் தலைமுறை தலைமுறையாக அதைப் பயன்படுத்தினார்கள். பரப்பை வைத்துக் கணக்கிட்டு ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். கடற்கரைக்குப் பக்கம் ஒரு குணகம், உள்நாட்டுக்கு வேறொன்று, மலையடிவாரத்துக்கு அதைவிடப் பெரிதாக இன்னொன்று. மலையருகே வெள்ளம் வேறு மாதிரி வரும் என்பது கம்ப்யூட்டருக்கு முன்பே தெரிந்த விஷயம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு, 1966இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் கிராஃபோர்டும் ரே லின்ஸ்லியும் உருவாக்கிய மாதிரிதான் மழை முதல் ஆறு வரை முழுக் கணக்கையும் முதலில் எழுதிக்காட்டியது. 1979இல் பிரிட்டனில் கீத் பெவனும் மைக் கிர்க்பியும் 'டாப்மாடல்' என்பதைக் கொண்டுவந்தார்கள். நிலத்தின் சரிவே நீரின் போக்கைத் தீர்மானிக்கிறது, எனவே எங்கே சரிவு குறைந்து நீர் சேருமோ அங்கேதான் மண் முதலில் நிறையும் என்பது அதன் சாரம். 1990களில் அமெரிக்க விவசாயத் துறையின் 'ஸ்வாட்', வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'விக்' ஆகியவை வந்தன. இந்தியாவில் ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் தொடங்கி ஐ.ஐ.டி.கள் வரை இன்று புழங்குபவை பெரும்பாலும் இவையும் இவற்றின் உறவினர்களும்தான்.

இப்போது கட்டத்தின் அளவுக்கு வரலாம். கரமனை வடிநிலத்தை 12 கி.மீ. சதுரங்களாக வெட்டினால் 5 கட்டம். 6 கி.மீ. என்றால் சுமார் 20. ஒரு கி.மீ. என்றால் 702. விண்கலத்தில் பறந்து பூமியின் மேடுபள்ளத்தை அளந்ததில் கிடைத்த 90 மீட்டர் கட்டம் என்றால் 86,000க்கு மேல். அதையே 30 மீட்டராக்கினால் 7,80,000. 10 மீட்டர் என்றால் 70 லட்சம்.

கட்டம் பெரிதாகும்போது முதலில் அடிபடுவது சரிவு. ஒரு சதுரத்துக்குள் இருக்கும் அத்தனை மேடுபள்ளங்களுக்கும் சராசரி எடுத்து ஒரே உயரமாகக் கொடுப்பதால் சிகரம் தாழ்கிறது, பள்ளத்தாக்கு உயர்கிறது. செங்குத்தான பாறைச் சரிவு, கம்ப்யூட்டரில் வண்டி ஏறும் மேடாகிவிடுகிறது. அதில் மழைநீர் நிதானமாக இறங்குகிறது. மண் சாவகாசமாகக் குடிக்கிறது. நிஜத்தில் சில மணி நேரத்தில் பாய்ந்துவிடும் வெள்ளம் மாதிரியில் ஆடி அசைந்து வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு 2, 4, 10, 30, 90 மீட்டர் என்று கட்டத்தை மாற்றி மாற்றிச் சோதித்த ஜாங், மாண்ட்கோமரி ஆகிய ஆய்வாளர்கள் 1994இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கட்டம் மாறினால் அதே மலையில் அதே மழைக்குக் கிடைக்கும் வெள்ளத்தின் உச்சமும் மாறுகிறது. பல மலைச்சரிவுகளுக்கு 10 மீட்டர் கட்டமே நியாயமான சமரசம் என்பது அவர்கள் முடிவு.

இரண்டாவதாக அடிபடுவது மழை. இதுதான் பெரிய அடி. ஒரு சின்ன உதாரணம். ஒரு பெரிய கட்டத்துக்குள் நான்கு சம அளவுச் சிறிய கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகட்டை ஒட்டிய கட்டத்தில் 24 செ.மீ. மழை. மற்ற மூன்றில் 4, 2, 2. அங்குள்ள மண் 10 செ.மீ. வரை குடிக்கும் என்று கொள்வோம். பெரிய கட்டத்தின் சராசரி 8 செ.மீ. மண் குடிப்பதைவிடக் குறைவு. எனவே வெள்ளமே இல்லை என்கிறது மாதிரி. ஆனால் நிஜத்தில் முகட்டோரக் கட்டத்திலிருந்து மட்டும் 14 செ.மீ. நீர் கீழே பாய்ந்துகொண்டிருக்கும். கூட்டலில் தவறில்லை, வகுத்தலிலும் தவறில்லை. ஆனாலும் விடை தவறு.

அகத்தியமலைத் தொடரில் இது ஏட்டு உதாரணம் அல்ல. மழை இங்கே சில கிலோமீட்டரில் முகம் மாறும். 2001 நவம்பர் 9ஆம் தேதி இரவு நெய்யாற்றின் மேல்பகுதியில் உள்ள அம்பூரியில் மலை சரிந்து சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். அங்கு ஒரு மலைச்சரிவில் கொட்டிய மழையைக் கால் டிகிரிச் சதுரம் தனியே பிரித்துச் சொல்ல வழியில்லை.

முகட்டின் மறுபக்கம் 2023இல் வேறொரு பாடம் நடத்தியது. அந்த ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. அந்தச் சீமையில் ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதும் அதற்கு மேலும் ஒரே நாளில். திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது. முன்னறிவிப்பு போதவில்லை என்றது மாநில அரசு. உரிய நேரத்தில் எச்சரித்தோம் என்றது மத்திய அரசு. சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். தாமிரபரணி வெள்ளம் என்றால் 1992 நவம்பரைப் போல மலையிலிருந்தும் அணையிலிருந்தும் வருவது என்றே ஊர் பழகியிருந்தது. இந்த முறையோ பெருமழையின் உச்சம் அணைகளுக்குக் கீழே, கடலோரச் சமவெளியில், குளங்களின் மீதே விழுந்தது. மலையில் அளந்து அணையில் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு அதற்கு எப்படித் தயாராக முடியும்?

ஆற்றைச் சரியான அளவில் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு 2018 கேரள வெள்ளம் நல்ல சாட்சி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் 19 வரை மாநிலத்தில் சராசரியாக 759 மி.மீ. மழை பெய்தது. வழக்கமான அளவு 288. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அணைகளை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்ற குற்றச்சாட்டு சட்டமன்றம் முதல் டீக்கடை வரை ஒலித்தது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கே.பி. சுதீர் உள்ளிட்ட குழு பெரியாற்று வடிநிலத்தைத் துணை வடிநிலங்களாகப் பிரித்து, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் எச்.ஈ.சி.-எச்.எம்.எஸ். என்ற மாதிரியில் ஓட்டிப் பார்த்தது. 2019இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் வெளியான முடிவு: நீர்த்தேக்கங்களை முன்பே காலி செய்திருந்தாலும் வெள்ளத்தின் உச்சம் 16 முதல் 21 சதவீதம்தான் குறைந்திருக்கும். காரணம், வெள்ளநீரில் பெரும் பங்கு எந்த அணையின் கட்டுப்பாட்டிலும் இல்லாத இடைப்பகுதிகளிலிருந்து வந்தது. ஆற்றை மொத்தமாக ஒரே கட்டமாகப் பார்த்திருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. எங்கிருந்து எவ்வளவு என்று பிரித்துப் பார்த்ததால்தான் கிடைத்தது.

கரமனையாற்றுக்கும் இந்தக் கதை பொருந்தும். பேப்பாறையும் அருவிக்கரையும் மேலே இருக்கின்றன. ஆனால் நெடுமங்காடு பக்கம் பிறந்து நகரத்துக்குள் வந்து கரமனையில் சேரும் கிள்ளியாறு அந்த அணைகளின் பேச்சைக் கேட்பதில்லை. 2020 மே மாதத்தில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழையில் அருவிக்கரையின் ஷட்டர்கள் உயர்த்தப்பட, கிள்ளியாறும் பெருக, தலைநகரின் தாழ்வான பகுதிகளில் விடிவதற்குள் வீடுகளில் தண்ணீர். முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் குமுறினார்கள். மலையிலிருந்து நகரம் வரை சில மணி நேரத்தில் நீர் வந்து சேரும் சின்ன ஆறுகளில் இதுதான் பிரச்னை. எச்சரிக்கை என்றால் அது ஆற்றைவிட வேகமாக வர வேண்டும்.

கேரளத்தின் 44 ஆறுகளில் ஒன்றுகூட தேசிய அளவுகோலின்படி 'பெரிய' ஆறு கிடையாது. சாலியாறு, பாரதப்புழை, பெரியாறு, பம்பை ஆகிய நான்கு மட்டுமே நடுத்தர ரகம். மற்றவை சிறியவை. இந்தியாவுக்குள் கங்கையின் வடிநிலம் சுமார் 8,61,000 சதுர கி.மீ. அதற்கு 1,100க்கு மேற்பட்ட கால் டிகிரிச் சதுரங்கள் கிடைக்கும். ஒரு சதுரத்தில் கூடினால் இன்னொன்றில் குறைந்து பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கங்கைக்குப் போதுமான கட்டம் கரமனைக்குப் போதாது. டெல்லியில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரே வலை விரிக்கும்போது அதன் கண்களில் தப்பிப்போகிறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சின்ன மீன்கள்தான்.

சரி, கட்டத்தைச் சிறிதாக்கிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். 2011இல் எரிக் வுட் தலைமையில் உலகின் முன்னணி நீரியலாளர்கள் பலர் அதையே சொன்னார்கள். பூமி முழுவதையும் ஒரு கி.மீ. அல்லது அதற்கும் சிறிய கட்டங்களில் கணக்கிடுவதே இந்தத் துறையின் அடுத்த மாபெரும் சவால் என்று அறைகூவல் விடுத்தார்கள். மறு ஆண்டே, டாப்மாடல் தந்த அதே கீத் பெவன், ஹன்னா குளோக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து குறுக்கே கையை நீட்டினார். குறைச்சல் கட்டத்தில் அல்ல, அறிவில் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மண் எப்படி, வேர் எவ்வளவு ஆழம், பாறையில் எத்தனை வெடிப்பு என்பது தெரியாமல் கட்டத்தை மட்டும் பொடியாக்கினால், தெரியாதவற்றின் எண்ணிக்கைதான் பெருகும்.

வாதம் வெறும் தத்துவம் அல்ல. செலவு முதல் தடை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். நீர் ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரமும் பாதியாவதால் கணக்குப் போடும் இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. ஒரு கி.மீட்டரிலிருந்து 30 மீட்டர் அளவுக்கு இறங்கினால் வேலை முப்பதாயிரம் மடங்கைத் தாண்டிவிடும். இந்தியாவிடம் இன்று அந்தத் தெம்பு ஓரளவு இருக்கிறது. 2024 செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் வானிலைக்கென்றே 'அர்கா', 'அருணிகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் பணியில் இறங்கின. 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத்' முன்னறிவிப்பு முறை 12 கி.மீ. கட்டத்தை 6 கி.மீட்டராகக் குறைத்திருக்கிறது. கரமனையாற்றுக்கு 5 கட்டம் இருந்த இடத்தில் இப்போது 20. முன்னேற்றம்தான்.

அடுத்த தடை உயரக் கணக்கு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் உலகின் மேடுபள்ளங்களை அளந்தது. அந்த வரைபடம்தான் இன்றும் பல மாதிரிகளுக்கு அஸ்திவாரம். ஆனால் அடர்ந்த காட்டில் ரேடார் பார்ப்பது தரையை அல்ல. பெரும்பாலும் மரத்தின் தலையை. போனக்காட்டுக்கு மேலே உள்ள மழைக்காட்டில் அந்த வித்தியாசம் பல மீட்டர். மேட்டில் மரம் இல்லாமல், பள்ளத்தில் மரம் உயர்ந்து நின்றால், வரைபடத்தில் ஓடையே தூர்ந்துபோகும். 30 மீட்டர் கட்டத்தில் பார்த்தாலும் பார்ப்பது தவறான தரை.

மூன்றாவது தடை பழக்கதோஷம். எந்த மாதிரியையும் அப்படியே ஓட்டுவதில்லை. ஆற்றில் அளந்த நீரோட்டத்தோடு ஒத்துப்போகும்வரை மண்ணின் குடிக்கும் திறன், நீரின் வேகம் போன்ற எண்களைத் திருகிச் சரிசெய்கிறார்கள். ஒரு கி.மீ. கட்டத்தில் திருகிய எண்களை 90 மீட்டருக்கு அப்படியே எடுத்துப்போனால் விடை கெட்டுவிடும். காரணம், அந்த எண்களில் மண்ணின் குணத்தோடு, கட்டம் பெரிதாக இருந்ததால் வந்த பிழைக்கான ஒட்டுப்போடலும் கலந்திருக்கிறது. வெவ்வேறு எண்கள் ஒரே விடையைத் தருவதும் உண்டு. அதனால் விடை பொருந்திவிட்டது என்பது காரணம் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலான தடை ஒன்று இருக்கிறது. மழையை அளப்பது. கால் டிகிரி மழைக் கணக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டவை நாடெங்கிலும் சுமார் 7,000 மழைமானி நிலையங்கள். எல்லாம் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியதில்லை. இயங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு மழைமானிக்கு ஏறக்குறைய 470 சதுர கி.மீ. மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. அளவுதான். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவின் மழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போதாதற்கு மழைமானிகள் இருப்பது பெரும்பாலும் ஊர்களில். அதிகம் பெய்வது மலை உச்சியில். ரேடார் கைகொடுக்கும். ஆனால் மலைத்தொடரே குறுக்கே நின்று அதன் பார்வையை மறைத்துவிடும்.

மலையேறி அளக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1837இல் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரவுன். கீழே நகரத்தில் அளப்பதும் மேலே மலையில் அளப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்க, 1855இல் அகத்தியமலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். யானையும் அட்டையும் காற்றும் மழையும் சூழ்ந்த இடம். தளவாடங்களை ஏற்றியதே ஒரு படையெடுப்பு. பூமியின் காந்தப்புலமே அவருடைய முதன்மை அக்கறை. ஆனால் அடிவாரத்தை வைத்து உச்சியை ஊகிக்கக் கூடாது என்ற அவருடைய பிடிவாதம் மழைக்கும் பொருந்தும்.

பிறகு அந்த வேலையைப் பெருமளவு செய்தவை தோட்டங்கள். தேயிலைக்கும் காப்பிக்கும் மழைதான் மூலதனம் என்பதால் மேற்குத் தொடர்ச்சி மலை எஸ்டேட்களில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். முகட்டுக்குக் கிழக்கே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தமிழக மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடம் பிடிக்கும் பெயர்கள் எல்லாமே தோட்டங்கள்தான். அந்தத் தோட்டங்களின் காலம் முடிகிறது. போனக்காட்டில் தொழிற்சாலை ஓய்ந்து நெடுநாள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மாஞ்சோலையை, 2028 வரை காத்திராமல் 2024இலேயே விட்டுப்போக முடிவு செய்தது பாம்பே பர்மா நிறுவனம். காடு திரும்ப வளரும் என்று ஒரு தரப்பு மகிழ்கிறது. நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவது என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. இரண்டு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஆள் இறங்கிப்போன மலையில் இனி தினமும் காலையில் மழையைப் படிக்கப்போவது யார்?

தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன. 1995இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழகமும் கேரளமும் ஆரம்பம் முதலே பங்கு பெற்றன. 2016இல் அது தேசியத் திட்டமாக விரிந்தது. அளவுகளைச் செயற்கைக்கோள் மூலமாகவும் செல்போன் வழியாகவும் உடனுக்குடன் அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவியை வைத்தால் மட்டும் போதாது. புனலில் சருகு அடைத்தால் எடுக்கவும், குரங்கு கம்பியைப் பிடுங்கினால் சேர்க்கவும் பக்கத்தில் ஆள் வேண்டும். மலையில் மிஞ்சியிருக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

கட்டச் சண்டைக்கும் நடைமுறையில் வழி உண்டு. எல்லாவற்றுக்கும் பொடிக்கட்டம் வேண்டியதில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை எப்படி மாறும் என்று பார்க்கப் பெரிய கட்டம் போதும். பேப்பாறையில் கோடை முடியும்வரை நகரத்துக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டால், வடிநிலத்தைச் சில துணைப்பகுதிகளாகப் பிரித்தால் போதும். நள்ளிரவில் அருவிக்கரையின் ஷட்டரை எத்தனை செ.மீ. உயர்த்துவது என்பதுதான் கேள்வி என்றால், மலைச்சரிவுக்குச் சிறிய கட்டமும் மணிவாரி மழையும் தேவை. ஸ்வாட் மாதிரி, ஒரே மண்ணும் ஒரே பயிரும் ஒரே சரிவும் கொண்ட துண்டுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் போடுகிறது. விக் மாதிரி, பெரிய கட்டத்துக்குள்ளேயே சில பகுதி சீக்கிரம் நிறையும், சில பகுதி தாமதமாக நிறையும் என்பதைக் கணிதமாக நுழைத்துக்கொள்கிறது. நான்கு கட்ட உதாரணத்தில் கண்ட தவறு அப்போது கணிசமாகக் குறையும். சமவெளியில் பெரிய கட்டம், முகட்டில் சிறிய கட்டம் என்று கலந்து போடுவதும் உண்டு. கேள்வி எதுவோ அதற்கேற்ற கட்டம்.

ஆனால் அகத்தியமலையில் இன்னொரு கோடும் குறுக்கே ஓடுகிறது. மேற்கே கேரளத்தின் மழைமானிகள். கிழக்கே தமிழகத்தின் மழைமானிகள். முகட்டில் கொட்டும் மழை எல்லை பார்த்துப் பெய்வதில்லை. பாபநாசம் அணையைக் காக்கும் பொறியாளருக்குப் போனக்காட்டு மழை அந்த நிமிடமே தெரிந்தால் உபயோகம். பேப்பாறையில் இருப்பவருக்கு மாஞ்சோலை மழையும் அப்படியே. தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதில் இரு மாநிலங்களுக்கும் ஆயிரம் வழக்கு இருக்கலாம். மழைக் கணக்கைப் பங்கிட்டுக்கொள்வதில் இருவருக்கும் நஷ்டம் இல்லை.

முகட்டுக்கு ஒரு சாண் மேற்கே விழும் துளி திருவனந்தபுரத்துக்குக் குடிநீராகிறது. ஒரு சாண் கிழக்கே விழும் துளி திருநெல்வேலிக்கு நெல்லாகிறது. அந்த ஒரு சாண் வித்தியாசத்தை எந்தக் கம்ப்யூட்டரும் தானாகக் கண்டுபிடித்துவிடாது. அதற்கு முதலில் யாராவது ஒருவர் மலைமேல் நின்று மழையை அளந்து சொல்ல வேண்டும்.